அத்தைக்கு ஆகாத மாத்திரை

கதை எழுதுகிறவனும் வைத்தியரும் ஒரு விஷயத்தில் ஒரே ஜாதி. இருவருமே பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டுப் பிழைக்கிறவர்கள். கதைக்காரன் கேட்டதில் பாதியை விட்டுவிட்டு, மீதியையும் மாற்றி எழுதினால், 'நல்ல கற்பனை வளம்' என்று பாராட்டுகிறார்கள். வைத்தியர் அப்படிச் செய்தால் நோயாளியின் பாடு திண்டாட்டந்தான்.

நோயாளி சொன்னதை ஒருவர் நம்பிக் கேட்டதால் வெளிச்சத்துக்கு வந்த ஒரு வியாதியைப் பற்றி இங்கே எழுத நினைக்கிறேன். சாதாரணமான தலைவலி மாத்திரை சிலருக்கு மூச்சை அடைத்துவிடுகிறது. யாருக்கு அடைக்கும், யாருக்கு அடைக்காது என்று முன்கூட்டிச் சொல்ல நம்பத்தக்க ரத்தப் பரிசோதனை இன்றுவரை கிடையாது. தோலில் ஊசியால் கீறிப் பார்க்கும் சோதனையும் பயன்படாது. 'இந்த மாத்திரையைப் போட்டால் எனக்கு மூச்சு முட்டுகிறது' என்று நோயாளி வாய் திறந்து சொல்ல வேண்டும். அதைக் கேட்டுக்கொள்ள எதிரே ஒருவர் இருக்க வேண்டும்.

நான் மருத்துவம் படித்தவன் அல்லன். என் பெரிய அத்தையால் இந்த விஷயத்தில் எனக்குச் சிரத்தை உண்டாயிற்று. பிற்பாடு தேடிப் படித்தும், தெரிந்த டாக்டர்களைத் தொந்தரவு செய்தும் அறிந்துகொண்டவற்றையே சொல்கிறேன்.

திருப்பரங்குன்றத்தைத் தாண்டித் திருமங்கலம் போகிற சாலையில், பக்கவாட்டில் பிரியும் ஒரு மண் பாதையின் முடிவில் அத்தை வாழ்க்கைப்பட்ட ஊர் இருந்தது. ஒரு கண்மாய், நாலு வேப்பமரம், மழை பெய்தால் நெல், பெய்யாவிட்டால் சோளம். மாமாவுக்கு இவற்றோடு ஒரு மல்லிகைத் தோட்டமும் உண்டு. மதுரை மல்லிக்கு 2013-ஆம் வருஷம் புவிசார் குறியீடு கொடுத்துக் கௌரவித்தார்கள். அதற்கு முன்பே அந்தப் பூவின் மணத்துக்கு யாரும் சான்றிதழ் கேட்டதில்லை. பொழுது விடிவதற்குள் மொட்டுக்களைப் பறித்து, ஈரத்துணி போட்டு மூடி, மதுரைப் பூ மார்க்கெட்டுக்கு முதல் பஸ்ஸில் அனுப்ப வேண்டும். கூடை வீட்டுத் திண்ணையில் இருக்கும் அந்த அரை மணி நேரத்தில் தெருவே மணக்கும்.

அத்தைக்கு மட்டும் அந்த மணம் தெரியாது.

பிறவியிலேயே அப்படி இல்லை. முப்பது வயதுவரை நன்றாகத் தெரிந்ததாம். அப்புறம் ஓயாத ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. தை மாதப் பனியிலும் தும்மல், சித்திரை வெயிலிலும் தும்மல். மூக்கடைப்பு நிரந்தரமாகிப் போய், மணம் என்ற ஒன்றே கொஞ்சம் கொஞ்சமாக அவளை விட்டு விலகிவிட்டது. அடுப்பில் பால் தீய்ந்தால் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது ஓடிவந்து சொல்ல வேண்டும். "பூவைக் கையால தொட்டுப் பார்த்துத்தான் மல்லின்னு தெரிஞ்சுக்கிறேன்டா" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.

டவுன் டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது என்றார். எடுத்தார்கள். இரண்டே வருஷத்தில் மறுபடியும் வளர்ந்தது. மறுபடியும் எடுத்தார்கள். அதற்குள் இழுப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் மூச்சுக் கோளாறு என்றாலே பக்கத்திலுள்ள ஆஸ்டின்பட்டிச் சானடோரியத்தை நினைத்து ஜனங்கள் பயப்படுவார்கள். 'காசமோ என்னவோ' என்று குசுகுசுத்தார்கள். காசம் இல்லை என்று தெரிந்த பிறகு, கதிரடிக்கிற தூசி, மார்கழிப் பனி, மிளகாய் வறுத்த நெடி என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஆடாதோடைக் கஷாயமும் தூதுவளை ரசமும் மாறி மாறி நடந்தன.

அத்தை மட்டும் இன்னொரு காரணமும் சொல்லிக்கொண்டிருந்தாள். "எனக்கு அந்தத் தலைவலி மாத்திரை ஆகல. போட்டா ஒரு மணி நேரத்தில மூச்சைப் பிடிக்குது."

இதை யாரும் பொருட்படுத்தவில்லை. 'ஊரெல்லாம் வாங்கிப் போடுகிற மாத்திரை, மதினிக்கு மட்டும் ஆகாதாமே!' என்று என் தாயார் வேடிக்கையாகச் சொல்வாள். கம்பவுண்டர் ஒருவர், 'தலைக்குப் போடுகிற மாத்திரைக்கும் நெஞ்சுக்கும் என்னம்மா சம்பந்தம்?' என்று கேட்டார். இவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. அத்தைக்குத் தலைவலி வருவதே ஜலதோஷம் முற்றும்போதுதான். ஜலதோஷம் முற்றினால் இழுப்பு வருவது சகஜம். நடுவில் ஒரு மாத்திரை உள்ளே போனதைப் பார்த்து அதன்மேல் பழி போடுகிறாள் என்று நினைப்பது அறிவுக்குப் பொருத்தமாகவே பட்டது. அறிவுக்குப் பொருத்தமான எண்ணங்கள் எல்லாம் உண்மையாக இருந்துவிட்டால் உலகத்தில் ஆராய்ச்சியே தேவைப்படாது.

1974-இல் மதுரையில் எங்கள் உறவில் ஒரு கல்யாணம். முதல் நாள் இரவு ஜானவாச மேளச் சத்தத்தில் அத்தைக்குத் தலைவலி. உறவுப் பையன் ஒருவன் நல்லெண்ணத்தோடு வாசலிலிருந்த பெட்டிக்கடையில் சோடாவும் மாத்திரையும் வாங்கிவந்து கொடுத்தான். "இது அது இல்லையேப்பா?" என்று அத்தை சந்தேகத்தோடு கேட்டாள். "அது வேற, இது வேற அத்தை. காகிதமே வேற கலரு பாருங்க" என்றான் அவன். பொய் சொல்லவில்லை. பெயரும் வேறு, உறையும் வேறு. உள்ளே இருந்த மருந்து ஒன்றேதான்.

முக்கால் மணி நேரத்துக்குள் மூக்கிலிருந்து நீராக ஒழுகியது. கண் சிவந்தது, முகம் ஜிவுஜிவு என்று ரத்தமாயிற்று. அப்புறம் பேச்சு நின்றது. பந்தலிலிருந்து ஒரு வாடகைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். காரில் அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடி இன்றும் நினைவிருக்கிறது. ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து வாளி இறைப்பதுபோல் இழுத்தாள்.

இரவுப் பணியில் இருந்தவர், படிப்பு முடித்து இரண்டு வருஷங்கூட ஆகாத ஓர் இளம் டாக்டர். ஊசி போட்டு, பிராணவாயு கொடுத்து, விடிகிற சமயத்தில் அவளைப் பேச வைத்துவிட்டார். அதற்குப் பிறகு செய்ததுதான் விசேஷம். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நேற்று என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். அத்தை கல்யாணச் சாப்பாட்டை ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் மாத்திரையையும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். இதற்கு முன்பும் இப்படி ஆனதுண்டா? மூன்று தடவை. டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்தார்.

"உங்களுக்கு மூக்கில் சதை உண்டா அம்மா? வாசனை தெரியாதா?"

அத்தை திகைத்துப் போனாள். ஜோசியர்கூட அத்தனை சரியாகச் சொன்னதில்லை. டாக்டர் ஒரு காகிதத்தில் சிவப்பு மையால், 'ஆஸ்பிரினும் அந்த வகை மருந்துகளும் கொடுக்கக் கூடாது' என்று எழுதிக் கொடுத்தார். அதை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வெற்றிலையோடு வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டிவிட்டுத்தான் உட்காருவாள்.

மாத்திரையைப் பற்றிக் கேட்டவர் மூக்கைப் பற்றி எப்படிக் கேட்டார்? அந்தக் கேள்விக்குப் பின்னால் அரை நூற்றாண்டு உழைப்பு இருந்தது.

ஜெர்மனியில் பேயர் கம்பெனியின் ரசாயன சாலையில் 1897-இல் பெலிக்ஸ் ஹாப்மன் என்பவர் சுத்தமாகத் தயாரித்துக் கொடுத்த பொருளுக்கு 1899-இல் ஆஸ்பிரின் என்று பெயர் வைத்து விற்றார்கள். சில வருஷங்களுக்குள் அது உலகத்தைச் சுற்றிவிட்டது. நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் பீடிக்கட்டுக்கும் கடலைமிட்டாய்க்கும் நடுவே 'ஆஸ்ப்ரோ' தொங்கிய காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

1922-இல் பாரிஸ் நகரத்தில் பெர்னாண்ட் விடால் என்ற பேராசிரியர், இரண்டு சகாக்களோடு சேர்ந்து ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். ஆஸ்துமா உண்டு, மூக்கில் சதை உண்டு, ஆஸ்பிரின் ஆகாது. மூன்றும் ஒரே உடம்பில். விடால் என்ற பெயர் உங்களுக்குப் புதிதல்ல. டைபாய்டு காய்ச்சலா என்று பார்க்க நம் ஊர் ரத்தப் பரிசோதனை நிலையங்களில் செய்கிறார்களே 'வைடால் டெஸ்ட்', அதை 1896-இல் கண்டுபிடித்தவர் இவரேதான். அந்தப் பரிசோதனை மதுரையின் சந்து பொந்துகளுக்கெல்லாம் வந்து சேர்ந்தது. இந்த மாத்திரைச் சமாசாரம் மட்டும் பிரெஞ்சு மொழிப் பத்திரிகை ஒன்றில் நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஏறக்குறைய உறங்கிக் கிடந்தது.

அதைத் தட்டி எழுப்பியவர் மாக்ஸ் சாம்ட்டர். 1908-இல் பெர்லினில் பிறந்த யூதர். ஹிட்லரின் ஆட்சியில் இருக்க முடியாமல் 1937-இல் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார். பிற்காலத்தில் சிக்காகோவில் ஆஸ்துமாவையும் ஒவ்வாமையையும் ஆராய்வதே அவருடைய வாழ்க்கையாயிற்று. 1968-இல் அவரும் ரோலண்ட் பியர்ஸ் என்பவரும் தாங்கள் வருஷக்கணக்காகக் கவனித்த நோயாளிகளின் வரலாற்றை வெளியிட்டார்கள். முதலில் மூக்கு ஒழுகுகிறது. பிறகு சதை வளர்கிறது. பிறகு இழுப்பு வருகிறது. ஒரு நாள் மாத்திரை மூச்சை அடைக்கிறது. பெரும்பாலும் நடு வயதில், முன்பு ஆரோக்கியமாக இருந்தவர்களுக்கு வருகிறது. படித்தபோது, சிக்காகோவிலிருந்து ஒருவர் எங்கள் அத்தையின் வரலாற்றை எழுதியிருக்கிறாரே என்று தோன்றியது. இந்த மூன்றும் சேர்ந்த நிலையை மருத்துவ உலகம் இன்றும் சாம்ட்டரின் பெயரால் குறிப்பிடுகிறது.

சாம்ட்டர் இன்னொரு முக்கியமான விஷயமும் சொன்னார். இது வேர்க்கடலை சிலருக்கு ஒத்துக்கொள்ளாததுபோன்ற சாதாரண ஒவ்வாமை அல்ல. ஏனென்றால், ஆஸ்பிரினோடு ரசாயன அமைப்பில் எந்த உறவும் இல்லாத வேறு சில வலி மருந்துகளும் இதே நோயாளிகளுக்கு இதே கெடுதலைச் செய்கின்றன. முகஜாடையே இல்லாத நாலைந்து பேர் ஒரே குற்றத்தைச் செய்கிறார்கள் என்றால் அவர்களுடைய கைவேலை ஒன்றாக இருக்க வேண்டும். அந்தக் கைவேலை என்ன?

அதற்கு விடை 1971-இல் லண்டனில் கிடைத்தது. ஜான் வேன் என்ற ஆராய்ச்சியாளர், ஆஸ்பிரின் வகை மருந்துகள் எல்லாமே உடம்பில் பிராஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள் உற்பத்தியாவதைத் தடுக்கின்றன என்று காட்டினார். வலியும் காய்ச்சலும் குறைவது அதனால்தான். 1982-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. போலந்து நாட்டில் கிராக்கோ நகரத்து டாக்டர் ஆண்ட்ஜெய் ஷ்செக்லிக் இந்தச் சாவியை எடுத்து ஆஸ்துமாப் பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்த்தார். ஆஸ்பிரின் ஆகாத நோயாளிகளுக்குப் பல வலி மருந்துகளை மிகச் சிறிய அளவில் கொடுத்து, மூச்சின் வேகத்தை அளந்தார். பிராஸ்டாகிளாண்டினைத் தடுக்கிற மருந்துகள் எல்லாம் மூச்சை அடைத்தன. தடுக்காத மருந்துகள் ஒன்றும் செய்யவில்லை. 1975-இல் அவரும் சகாக்களும் இதை வெளியிட்டார்கள். மூச்சு முட்டும் என்று தெரிந்தும், டாக்டர் பக்கத்தில் இருக்கிறார் என்ற தைரியத்தில் அந்தத் துளி மருந்தை விழுங்கிய நோயாளிகளை நான் நினைத்துப் பார்க்கிறேன். டாக்டர் அவர்களுடைய வார்த்தையை நம்பினார்; அவர்கள் டாக்டரின் கையை நம்பினார்கள். ஷ்செக்லிக் 2012-இல் காலமானார். வைத்தியத்தையும் கலையையும் பற்றி அவர் எழுதிய 'கத்தார்ஸிஸ்' என்ற நூலுக்குக் கவிஞர் மிவோஷ் முன்னுரை எழுதியிருக்கிறார் என்பது, என்னைப் போன்றவர்களுக்குக் கூடுதல் சந்தோஷம்.

உள்ளே நடப்பதை எங்கள் பக்கத்து பாஷையில் சொன்னால் இப்படி. கண்மாய் மடையில் நீர்பாய்ச்சி ஒருவன் காவல் இருக்கிறான். அவன் இருக்கிறவரைக்கும் தண்ணீர் அளவோடு போகிறது. பிராஸ்டாகிளாண்டின்களில் ஒன்று அந்த நீர்பாய்ச்சி. லூகோட்ரையீன் என்று சில பொருள்கள் உண்டு. அவை பெருகினால் மூச்சுக் குழல் சுருங்கி, சளி சேர்ந்து, மூக்கு அடைத்துக்கொள்ளும். அவைதாம் தண்ணீர். ஆஸ்பிரின் வந்து நீர்பாய்ச்சியை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. பெரும்பாலோருக்குக் கண்மாயில் தண்ணீரே குறைவு. காவல் இல்லாவிட்டாலும் மோசமில்லை. இந்த நோயாளிகளுக்கோ கண்மாய் எப்போதும் கரை முட்ட நிற்கிறது. காவல் போன மறு நிமிஷம் வயல் மூழ்கிவிடுகிறது. லூகோட்ரையீனைத் தடுக்கிற மாத்திரைகள் 1990-களின் கடைசியில் புழக்கத்துக்கு வந்தது இந்த அறிவின் பயன்தான். எல்லோருக்கும் அவை பூரண குணம் தருவதில்லை, பலருக்கு உதவுகின்றன.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்ல வேண்டும்? பெரியவர்களில் ஆஸ்துமா உள்ளவர்கள் நூறு பேரை எடுத்துக்கொண்டால் அவர்களில் ஏறக்குறைய ஏழு பேருக்கு இந்தத் தொல்லை இருப்பதாகப் பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். கடுமையான ஆஸ்துமாக்காரர்களில் அது பதினைந்து பேர் அளவுக்குப் போகிறது. பெட்டிக்கடையில் ஆஸ்பிரின் தொங்கிய காலம் மலையேறிவிட்டது. ஆனால் மருந்துக் கடையில் போய், 'இடுப்பு வலிக்கு ரெண்டு மாத்திரை கொடுங்க' என்று கேட்டு வாங்கி, கடை வாசலிலேயே தண்ணீர் ஊற்றி விழுங்குகிற வழக்கம் போகவில்லை. ஐபுபுரூபன், டைக்ளோபெனாக் என்று அந்தக் குடும்பம் இன்று பெருத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எத்தனையோ வியாபாரப் பெயர்கள். உள்ளே இருப்பது என்ன என்பதை எறும்பு ஊர்ந்ததுபோல் அச்சடித்திருக்கிறார்கள், அதுவும் இங்கிலீஷில். 'அது வேற, இது வேற' என்று கல்யாண வீட்டில் அந்தப் பையன் சொன்னானே, அதே வார்த்தையை இன்று எத்தனை கவுண்டர்களில் எத்தனை பேர் நல்லெண்ணத்தோடு சொல்லிக்கொண்டிருப்பார்கள்!

இன்னொரு சங்கடமும் உண்டு. மாரடைப்பு வந்தவர்களுக்கு ரத்தம் கட்டாமல் இருக்கத் தினம் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுப்பது இன்று சாதாரண வைத்தியம். நெஞ்சுக்கு வேண்டியதும் மூச்சுக்கு ஆகாததும் ஒரே மருந்தாக இருந்தால் என்ன செய்வது? அதற்கும் வழி பிறந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, மிகச் சிறிய அளவில் ஆரம்பித்து, சிறுகச் சிறுக ஏற்றி, உடம்பைப் பழக்கிவிடுகிறார்கள். பிறகு தினம் விடாமல் சாப்பிட வேண்டும். சில நாள் விட்டால் பழக்கம் போய்விடும். மூக்கில் சதை மறுபடி மறுபடி வளர்கிற தொல்லையும் பலருக்கு இதனால் குறைகிறது. 1980-க்குப் பிறகு கலிபோர்னியாவில் டொனால்ட் ஸ்டீவன்ஸன் என்ற டாக்டர் இதை ஒரு முறையான சிகிச்சையாக வளர்த்தார். 1922-இல் விடால் தம்முடைய நோயாளிக்குச் செய்து பார்த்ததும் இதே முறைதான். கிடப்பில் போட்ட ஒரு நல்ல காரியத்தை மறுபடி எடுக்க உலகத்துக்கு அத்தனை காலம் பிடித்தது.

இதைப் படித்துவிட்டு ஆஸ்துமாக்காரர்கள் எல்லோரும் மாத்திரை என்றாலே நடுங்க வேண்டும் என்பதல்ல. பெரும்பாலோருக்கு இந்த மருந்துகள் ஒன்றும் செய்வதில்லை. ஆகாதவர்களுக்கும் சாதாரண அளவில் பாராசிட்டமால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறது. அதையும் டாக்டரைக் கேட்டே சாப்பிட வேண்டும். இருதயத்துக்காகச் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்துவது ஆபத்து. 'எனக்கு ஆகுமா, பார்க்கலாமே' என்று வீட்டில் சோதனை செய்வது அதைவிட ஆபத்து.

நான் கேட்டுக்கொள்வது சிறிய விஷயம். மருந்து கொடுக்கிறவர்கள், கொடுப்பதற்கு முன்னால், 'உங்களுக்கு எந்த மருந்தாவது ஆகாதா? இழுப்பு உண்டா?' என்று இரண்டு கேள்வி கேட்கட்டும். ஆகாதவர்கள் மாத்திரையின் வியாபாரப் பெயரை விட்டுவிட்டு, உள்ளே உள்ள மருந்தின் பெயரைத் தமிழில் எழுதிச் சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ வைத்துக்கொள்ளட்டும்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் குடும்பங்களில் பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றிச் சொல்வது சுலபமாகக் காதில் ஏறுவதில்லை. நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்மணி, 'எனக்கு இது ஆகவில்லை' என்றால், வீம்பு என்கிறோம், வாயு என்கிறோம், மனப்பிராந்தி என்கிறோம். சாம்ட்டரும் ஷ்செக்லிக்கும் பெரிய ஆராய்ச்சியாளர்கள். அவர்களிடம் வந்த நோயாளிகள் சொன்னதும், எங்கள் வீட்டுத் திண்ணையில் அத்தை பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் ஒரே வாக்கியந்தான். அத்தை அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு இன்னும் இருபத்திரண்டு வருஷம் உயிரோடு இருந்து, பேரன் பேத்திகளைக் கண்டுவிட்டுப் போனாள். மூக்குக்கு மணம் கடைசிவரை திரும்பவில்லை. ஆனால் அவள் வார்த்தைக்கு வீட்டில் மதிப்பு வந்துவிட்டது. அதற்குச் சிவப்பு மையில் ஒரு டாக்டரின் கையெழுத்து வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.